ஒரு வாய் இலை, ஐந்து வரி

செனோபியோவின் புத்தகத்தில் இருபத்தேழு பக்கங்கள்தான். அவற்றை எழுதி முடிக்க அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. எங்கள் மலையூரான சில்காபம்பாவில் இதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. "என்ன செக்ரட்டரி, புத்தகம் முடிஞ்சுதா? நீ ஆரம்பிச்சப்ப பொறந்த கன்னு இப்போ பாட்டி ஆயிருச்சு" என்று மாடு ஓட்டிப் போகிறவர்கள் கேட்பார்கள். "உன் மாடு எழுதுறதில்லையே, அதான் அதுக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிருது" என்பார் அவர்.

நான் அவருடைய இரண்டாவது மனைவி. இந்த ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து இங்கேயே தங்கிவிட்டவள். அவர் இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. எப்படி இறந்தார் என்று கேட்கிறவர்களிடம் நிமோனியா என்று சொல்லிவிடுகிறேன். அது பொய்யில்லை. ஆனால் முழுவதும் அதுவுமில்லை.

1983ஆம் ஆண்டு, கிழங்கு தோண்டும் மாதத்தில், துப்பாக்கி வைத்திருந்த பன்னிரண்டு பேர் ஊருக்குள் வந்தார்கள். தங்களைத் தோழர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டு ஆடுகளையும் மூன்று மூட்டைக் கிழங்கையும் எடுத்துக்கொண்டார்கள். காட்டிக்கொடுத்தால் நாக்கை அறுப்போம் என்றார்கள். முந்தைய வாரம் பக்கத்து ஊரில் ஒருவருக்கு அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அவர்கள் போனதும், நாளை ராணுவம் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஊர் நடுங்கியது. வேறு ஊராக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் கூட்டம் போட்டது.

எங்கள் ஊரில் எதுவும் எழுதப்படாமல் நடந்ததில்லை. காணாமல் போன கழுதை, வாய்க்கால் முறை, இனிமேல் பெண்டாட்டியை அடிக்க மாட்டேன் என்று ஒருவன் கொடுத்த வாக்கு, எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். பண்ணையாரிடமிருந்து மேய்ச்சல் நிலத்தை வழக்காடி மீட்டுக் கொடுத்ததே அந்தப் புத்தகங்கள்தான். ஆகவே எழுதி, முத்திரை குத்தி, கைநாட்டு வைத்த விஷயம் ஊரைக் காப்பாற்றும் என்று பெரியவர்கள் முதல் சிறுவர்கள் வரை நம்பினார்கள். ஆயுதம் காட்டி மிரட்டியதால்தான் உணவு கொடுத்தோம், மனமுவந்து கொடுக்கவில்லை என்று அன்று எழுதினார்கள். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், எல்லோரும் பெயர் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை உருட்டினார்கள். எழுதியவர் ஊர்ச் செயலாளரான செனோபியோ. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. செயலாளர் கடைசியில்தான் கையெழுத்திட வேண்டும். பக்கம் நிறைந்துவிட்டதால் அவருடைய கையெழுத்து மட்டும் பின்பக்கத்துக்குப் போனது.

ஐந்து வாரம் கழித்து ராணுவம் வந்தது. ஊரையே பள்ளிக்கூட முற்றத்தில் உட்கார வைத்தார்கள்.

"இங்க தீவிரவாதிங்க வந்தாங்களா?" என்று கேப்டன் கேட்டான்.

"வந்தாங்க ஐயா. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் முறைப்படி எழுதி வெச்சிருக்கோம்" என்று ஊர்த் தலைவர் பொலிகார்ப்போ பெருமையோடு புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

கேப்டன் புரட்டினான். "இது எழுத்தா, கோழி கிளறினதா? எவன் எழுதினது?"

செனோபியோ கையைத் தூக்கினார்.

"படி. பேரை மட்டும் படி. ஒவ்வொண்ணா."

ஊர்க்கூட்டத்தில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லி எழுந்து நிற்க வேண்டும். சொல்லாதவர் வராதவர், அவருக்கு அபராதம். முதல் பெயர் பொலிகார்ப்போவுடையது. "இருக்கேன்" என்று அவர் எழுந்தார். இரண்டு சிப்பாய்கள் அவரைச் சுவருக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். ஒரு வெடிச்சத்தம். முற்றம் முழுக்க அலறியது. சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் தலைகளில் அடித்து உட்கார வைத்தார்கள். "அடுத்தது" என்றான் கேப்டன். செனோபியோ படித்தார். என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் பெயர் காதில் விழுந்ததும் வாய் தானாக "இருக்கேன்" என்றது. ஒன்பதாவது ஆள் ஓடினான். வேலியைத் தாண்டக் காலைத் தூக்கியபோது முதுகில் சுட்டார்கள். அவன் வேலிமேல் மடிந்து தொங்கினான். பன்னிரண்டாவது பெயர் அல்பினோ, பத்தொன்பது வயது. அவன் "இருக்கேன்" என்று சொல்லவில்லை. அவன் அம்மா தோமித்திலா அவனைத் தன் பாவாடைக்குள் இழுத்து, வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். கட்டையால் அவள் முகத்தில் குத்தி, முன்பற்களைப் பெயர்த்து, அவனைப் பிரித்து இழுத்துப்போனார்கள்.

இருபத்தேழாவது பெயர் பசிலியா. அவள் செனோபியோவின் மனைவி. "இருக்கேன்" என்று எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். வெடி கேட்டது. "அடுத்தது" என்றான் கேப்டன்.

"முடிஞ்சுது ஐயா" என்றார் செனோபியோ.

கேப்டன் புத்தகத்தை வாங்கி, மண்ணெண்ணெய் ஊற்றி அங்கேயே கொளுத்தினான். போகும்போது ஒரு சிப்பாயைக் கூப்பிட்டு, "இவனுக்கு எழுதுற வியாதி இருக்கு, குணப்படுத்து" என்றான். சிப்பாய் செனோபியோவின் வலது கையைப் பள்ளிப் படியில் வைத்து, துப்பாக்கிக் கட்டையால் நான்கு முறை இடித்தான்.

அன்று சாயங்காலமே மிச்சமிருந்தவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கடற்கரைப் பக்கம் மணல்மேட்டில் பாய்க்குடிசை போட்டுப் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது, செங்கல் சுமந்தும் மீன் அரிந்தும் கிழடாகியிருந்தார்கள். அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் நான் இங்கே வந்தேன். செனோபியோவை மறுபடியும் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. மற்ற விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகிக்கொண்டு எழுதுவார். அந்தக் கை எழுதுவதைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். உண்மை அதுதான்.

2002இல் தலைநகரிலிருந்து ஒரு விசாரணைக் குழு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தது. எல்லோரும் பேசினார்கள். செனோபியோவின் முறை வந்தபோது அவர் கருவியைத் தள்ளி வைத்தார். "எழுதித் தரேன்" என்றார். "மூணு வாரத்துல அனுப்புங்க" என்று குழுவில் வந்திருந்த ஒரு பெண் முகவரி கொடுத்துப் போனாள். செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஊர்க்கூட்டத்தில் வாசித்து, ஊரே கையெழுத்திட்ட பக்கம் என்று அவர் முடிவு செய்தார். தன் கையால் எழுதிய ஒரு பக்கம் கொன்றவர்களைத் தன் கையாலேயே எழுதி முடிக்காமல் சாகக் கூடாது என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு வேறெதையும் அவர் பெரிதாக விரும்பியதாக எனக்கு நினைவில்லை.

முதலில் வெறிபிடித்தவர் போல எழுதினார். நான்கு நாளில் பத்தொன்பது பக்கங்கள். சோறு தண்ணீர் இல்லை. ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டார்.

"ஏன்?" என்று பதறினேன்.

"இதுல செத்தவங்க ஒருத்தர்கூட இல்ல டீச்சர். கேப்டன் மட்டும்தான் இருக்கான். அவன் பூட்ஸ், அவன் மீசை, அவன் எச்சில் துப்புறது. மறுபடியும் அவனையே ஊருக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கேன்."

அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு ஒரு வரியும் இல்லை. கரும்புச் சாராயம் குடித்தார். வெற்றுத்தாளின் முன்னால் உட்கார்ந்து தலையைச் சுவரில் முட்டிக்கொள்வார். ஒருநாள், "இன்னிக்காவது எழுதினீங்களா?" என்று கேட்டதற்கு எழுதும் பலகையைத் தூக்கி என் காதோடு அடித்தார். நான் விறகுக் கட்டையை எடுத்து அவர் முழங்காலில் போட்டேன். இருவரும் அடுப்படியில் விழுந்து கிடந்தோம். என் காதில் ரத்தம். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. "நல்ல அடி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "உங்க அப்பா மாடு அடிக்கிறவரா?"

அந்தக் காயத்தோடுதான் அவ்வருடம் கிழங்கு நடவுக்குப் போனோம். சரிவில் மாட்டு ஏர் ஏறாது. ஆண்கள் வரிசையாக நின்று மிதிகலப்பையைக் காலால் அழுத்தி மண்ணைப் பெயர்ப்பார்கள், பெண்கள் கட்டியைப் புரட்டிப் போடுவோம். இன்று இவ்வளவு நிலம் என்று யாரும் பேசுவதில்லை. களைப்புத் தெரியாமலிருக்க ஆளுக்கு ஒரு வாய் கொக்கா இலையை வெற்றிலை போலக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அது சக்கையாகிற வரைக்கும் மண்ணைப் பெயர்ப்பார்கள். சக்கையானதும், கலப்பை பாதி மண்ணில் இருந்தாலும் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு அடுத்த வாய். இங்கே தூரத்தைக்கூட அப்படித்தான் சொல்வோம். அந்தக் கணவாய்க்கு மூன்று வாய் இலை, சந்தைக்கு ஐந்து வாய் இலை.

மூன்றாவது வாய் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது, அவர் மட்டும் நொண்டிக்கொண்டு நின்று சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உக்காரு செக்ரட்டரி, மலை எங்கேயும் ஓடிறாது" என்றான் ஒருவன்.

"காலையில இந்தச் சரிவு புல்லா இருந்துச்சு" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "மலையை ஒரே மிதியில பெயர்க்கப் பார்த்தேன் டீச்சர். மடையன்" என்றார்.

மறுநாள் காலை வயலுக்குப் போகுமுன் ஒரு வாய் இலையை அடக்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். இலை சப்பென்று ஆனதும் எழுந்துவிட்டார். நான்கு வரிகள். அடுத்த நாள் ஐந்து. அந்தக் கைக்கு அதற்குமேல் ஓடாது. நன்றாக ஓடுகிற நாளிலும் இரண்டாவது வாய் போட மாட்டார். வாக்கியம் நடுவில் நின்றாலும் அப்படியே விட்டுவிடுவார். எனக்குத்தான் பொறுக்காது.

"'அவனுடைய கழுதை' அப்படின்னு நிறுத்தியிருக்கீங்க. கழுதைக்கு என்ன ஆச்சு?"

"நாளைக்குச் சொல்றேன்."

"இப்பவே சொன்னா நாக்கு தேஞ்சிருமா?"

"சொல்லிட்டா நாளைக்கு எதுக்கு எந்திரிக்கிறது? கழுதை அங்க நடுவழியில நின்னுக்கிட்டிருக்குன்னா, எப்படியும் போய் ஓட்டிட்டு வந்துதான ஆகணும்."

அந்தக் கழுதைகள்தான் அவரைப் பத்து ஆண்டுகள் எழுப்பின. உற்சாகம் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்ததே இல்லை. பனி விழுந்த காலையிலும், முந்தைய நாள் சாவுக்குப் போய்க் குடித்திருந்த காலையிலும், இலை வாயில், பேனா கையில். சில நாள் ஒரே வரி. அதற்காகக் கவலைப்பட்டதும் இல்லை.

பட்டியலின் வரிசைப்படியே எழுதினார். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தக் குடும்பத்திடம் வாசித்துக் காட்டுவார். அவர்கள் குறை சொன்னால் முழுப்பக்கத்தையும் புதிதாக எழுதுவார். எங்கள் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. ஐந்தாவது பக்கத்தைப் பதினான்கு முறை எழுதினார். செத்தவனின் தாய்க்கும் மனைவிக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை. ஒன்பதாவது பக்கத்தில் அந்த ஆளுக்கு ஆற்றங்கரையில் இன்னொரு பெண் இருந்தாள் என்று எழுதியிருந்தார். அவன் தம்பி அரிவாளோடு வந்து, வாசலிலேயே அவர் தோளில் ஒரு போடு போட்டான். சட்டை கிழிந்து எலும்பு தெரிந்தது. ஏழு தையல். தையல் பிரித்த அன்று அந்தத் தம்பியே ஒரு மூட்டைக் கிழங்கோடு வந்து உட்கார்ந்து, "அவளுக்கு ரெண்டு புள்ளைங்க. அதையும் சேர்த்துக்க" என்றான்.

பன்னிரண்டாவது பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. அது அல்பினோவுடையது. மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றாள் தோமித்திலா. போனால் நாயை ஏவினாள். கல்லெறிந்தாள். "படிச்சியே, வாய் வலிக்காம படிச்சியே! இப்போ எழுத வந்துட்டான். போடா, நாயே!" என்று பல்லில்லாத வாயால் கத்துவாள். அவளும் அன்று அந்தக் காகிதத்தில் பெருவிரல் வைத்தவள்தான். ஏன் தன்னை விட்டுவைத்தார்கள் என்று புரியாமல் இத்தனை ஆண்டு உயிரோடிருந்த கோபம் அவளுக்கு.

இப்படியே ஒரு வருடம் போனது. ஒருநாள் எனக்குப் பொறுமை போய், "விடுங்க, பதிமூணுக்குப் போங்க. ஒரு பேரைத் தாண்டிப் போனா என்ன குடி முழுகிப்போயிரும்?" என்றேன்.

அவர் மைப்புட்டியை எடுத்துச் சுவரில் அடித்தார். என் முகமெல்லாம் மை தெறித்தது. கண்ணாடிச் சில்லில் அவர் உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது. "தாண்டுறதைப் பத்தி எங்கிட்டப் பேசாத!" என்று கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து காலை இலையை எடுத்துக்கொண்டு தோமித்திலாவின் பட்டி வாசலில் போய் உட்கார ஆரம்பித்தார். ஒரு வாய் இலை சக்கையாகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து வந்துவிடுவார். நாய் இரண்டு முறை கடித்தது. மூன்றாவது மாதம் நாய் அவர் காலருகே படுத்துக்கொண்டது. ஒருநாள் அவள் ஆடு அறுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கத்தியை இறக்கி, ரத்தத்தைச் சட்டியில் பிடித்து, தோலை உரிக்க ஆரம்பித்தவள் தலைநிமிராமலே பேசினாள்.

"திருடன்னு எழுது."

"யாரை, தோமித்திலாம்மா?"

"உங்க அப்பனை. வேற யாரை? என் மகன் திருடன். என் சிவப்புக் கோழியைத் திருடிச் சந்தையில வித்து மவுத் ஆர்கன் வாங்கினான். அதுவும் ஓட்டையானது. அதுல ஒரே பாட்டு. கேட்டாக் காது புண்ணாகும்." குடலை இழுத்துக் கீழே போட்டாள். "இந்தக் கையால அவன் வாயைப் பொத்துனேன். அதுக்குள்ள சூடா மூச்சு விட்டான். இப்பவும் சுடுது. எழுதிக்க. கண்ணைத் துடைக்காத, எழுது."

அந்தப் பக்கம் ஒரே வாரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு நின்றதில்லை. 2014 மே மாதத்தில் இருபத்தாறாவது பக்கத்துக்கு ஊர் கையெழுத்திட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. பசிலியா.

அவரோடு பதினாறு ஆண்டு வாழ்ந்தவள் நான். அந்தப் பக்கத்தை எதிர்பார்த்து எனக்கும் ஒரு பயம் இருந்தது. அவர் தினமும் இலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது. இலை சக்கையானதும் எழுந்தார். இப்படி நாற்பது நாள். அப்போதே மார்ச்சளி பிடித்திருந்தது. இருமினால் விலா எலும்பு தெரியும். நாற்பத்தோராம் நாள் எழுதத் தொடங்கினார். ஆறாம் நாள் காலையில் தாளை என்னிடம் நீட்டினார்.

பசிலியா கையெழுத்து வைக்க மறுத்தாள் என்று அந்தப் பக்கம் தொடங்கியது. கொடுத்த ஆட்டைப் பற்றி எதற்கு எழுத வேண்டும், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று அவள் சொன்னாளாம். செயலாளர் பெண்டாட்டியே வைக்காவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று அவர்தான் அவள் விரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினாராம். பிறகு இது இருந்தது:

"பசிலியாவின் பெயரைப் படித்தேன். அவள் சுவருக்குப் பின்னால் போன பிறகு பார்த்தேன், அந்தப் பக்கத்தில் இன்னும் ஏழு பெயர்கள் இருந்தன. முடிந்தது என்றேன். கேப்டன் நம்பினான். அவனால் என் எழுத்தைப் படிக்க முடியவில்லை. தொடக்கத்திலிருந்தே அவனால் படிக்க முடியவில்லை. எந்தப் பெயரையும் நான் தாண்டியிருக்கலாம். செயலாளர் ஒரு வரியையும் விடாமல் படிக்க வேண்டும் என்பது வழக்கம், நான் வழக்கப்படி படித்தேன். தாண்டலாம் என்பது என் மனைவி செத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது."

கேப்டனுக்கு அலுத்துவிட்டது, தோட்டா தீர்ந்துவிட்டது, கடவுள் கண் திறந்தார் என்று அந்த ஏழு குடும்பங்களும் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தன. மற்ற இருபத்தாறு குடும்பங்களும் அதையே நம்பின.

"இதை எரிச்சிருங்க" என்றேன். "அவ நல்லவ, நல்லா நெய்வா, நல்லாப் பாடுவான்னு எழுதுங்க. யாருக்குத் தெரியப் போகுது? உங்களைக் கொன்னுருவாங்க."

"கொன்னா கொல்லட்டும்."

"நான் என்ன பண்றது?"

அவர் ரொம்ப நேரம் இருமினார். "இருபத்தாறு பக்கம் எழுதினதே இந்தப் பக்கத்துக்குத் தெம்பு வர்றதுக்குத்தான் டீச்சர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில், பள்ளி முற்றத்தில் நின்று வாசித்தார். குரல் நடுங்கவில்லை. முடித்ததும் பொலிகார்ப்போவின் மகன் பெஞ்சிலிருந்து குதித்து வந்து அவர் வாயில் குத்தினான். கீழே விழுந்தவரை உதைத்தான். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஊர்த் தலைவர் ஊதலை ஊதி ஊதி ஓய்ந்தார். கடைசியில் தோமித்திலாதான் தடியால் உதைத்தவர்களின் முதுகில் விளாசி விலக்கினாள். "தெருநாய் மாதிரி ஏண்டா கடிக்கிறீங்க? நமக்குன்னு முறை இல்லையா?" என்றாள்.

முறை இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு ஊர் சாட்டையால் அடிக்கும். அடித்ததைப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டால், அதற்குப் பிறகு அந்தக் குற்றத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. எத்தனை அடி என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. மூன்று போதும், நோயாளி என்றார் தலைவர். குடும்பத்துக்கு ஒன்று என்று முடிந்தது.

அவர் தானே சட்டையைக் கழற்றி, கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டார். திரித்த மாட்டுத்தோல் சாட்டை. பொலிகார்ப்போவின் மகன் முதல் அடியை அடித்தான். தோல் பிளந்தது. ஒவ்வொரு குடும்பமாக வந்தார்கள். சிலர் சாட்டையை முதுகில் வைத்து எடுத்தார்கள். ஒரு கிழவர் தொட்டுவிட்டு அழுதார். சிலர் ஓடி வந்து வீசினார்கள். பத்தாவது அடியில் அவர் முழங்கால் மடங்கியது, இரண்டு பேர் அக்குளில் தாங்கிக்கொண்டார்கள். தோமித்திலாவின் முறை வந்தது. அவள் மகன் செத்திருந்தான், அவள் அந்த ஏழு பேரில் ஒருத்தி. சாட்டையை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி, அடித்தாள். ரத்தம் அவள் பாவாடையில் தெறித்தது.

"இது அல்பினோவுக்கு" என்றாள் மூச்சு வாங்க. "என்னை விட்டதுக்கு நன்றி கின்றின்னு எதிர்பார்க்காத. கிடையாது."

"எதிர்பார்க்கல தோமித்திலாம்மா."

இருபத்தாறு ஆனது. தலைவர் சாட்டையைச் சுருட்டப் போனார். தோமித்திலா தடுத்தாள். "பசிலியாவுக்கு யாரு?"

பசிலியாவின் ஆட்கள் யாரும் மிச்சமில்லை. முற்றம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

"டீச்சர், அவ வீட்டுல இப்போ இருக்கறது நீங்கதான்" என்றார் தலைவர், என் கண்ணைப் பார்க்காமல்.

சாட்டை ஈரமாக இருந்தது. அந்த முதுகை எனக்குத் தெரியும். சளிக்கு எத்தனை இரவு யூகலிப்டஸ் எண்ணெய் தேய்த்திருப்பேன். அதில் இப்போது தேய்க்க இடமில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அடிச்சு முடி, குளிருது" என்றார் அவர்.

மெதுவாகத்தான் அடிக்க நினைத்தேன். ஆனால் கையைத் தூக்கியதும், விரலைப் பிடித்து மையில் தோய்க்கப்பட்டவள் ஞாபகத்துக்கு வந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனவள். அவளோடு சேர்ந்து பதினாறு ஆண்டு பொறாமையும், அவரை இழக்கப்போகிற ஆத்திரமும் வந்தன. அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அவர் அன்றைக்கு முதல் முறையாகக் கத்தினார்.

கூட்டம் கலையுமுன் எழுதி முடிக்க வேண்டும். மேசையைக் கொண்டுவந்து போட்டார்கள். ஈரத்துணியை முதுகில் விரித்து, அவரை உட்கார வைத்தோம். யாரோ ஒரு கைப்பிடி இலை கொடுத்தார்கள். உதடு கிழிந்திருந்ததால் கன்னத்தில் ஒதுக்க நேரமெடுத்தது. அன்று ஒரு வாய் போதவில்லை, மூன்று வாய் ஆனது. வெயில் சாய்ந்து குளிர் இறங்கியது. இருநூறு பேர் நின்றார்கள். ஒருவரும் போகவில்லை.

முடித்ததும் வாசித்தார். யார் யார் அடித்தார்கள் என்று வரிசையாக. "இருபத்தேழாவது அடியை மனைவி லேசாக அடித்தார்."

"லேசாவா?" என்றாள் தோமித்திலா. "நான் இங்கதான நின்னேன். அந்த அடி கணவாய் வரைக்கும் கேட்டுச்சு. பொய் எழுதாத, செக்ரட்டரி. புத்தகத்துல பொய் ஏறக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அடித்தல் கூடாது என்பதால், பிழை இருந்தால் முடிவில் ஒரு வரி சேர்ப்பது எங்கள் முறை. அவர் பேனாவை மறுபடியும் விரல்களுக்குள் செருகிக்கொண்டு எழுதினார். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் இறந்துபோனார். அதற்கிடையில் அவர் எதையும் எழுதவில்லை. ஆகவே அவர் எழுதிய கடைசி வரி அதுதான்: "லேசாக என்று மேலே எழுதியிருப்பதைப் பலமாக என்று படிக்கவும்." அதற்குக் கீழே நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.